வலது ஓரத்துப் பட்டை

மே 9

மகன் சுகுருவுக்கு அப்பா கிஹேய் எழுதுறது.

ஆரஞ்சுப் பூ வாசனை மலையிலேர்ந்து இறங்கி வந்து வீட்டுக்குள்ள சட்டமா உட்காந்திருக்கு. நான் நல்லா இருக்கேன். முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசுறதில்ல, மத்தபடி குறையில்ல. நீ எப்படி இருக்க? அந்தச் சிறைச் சோத்துல பார்லி கலக்குறாங்கன்னு சொன்னாங்க. வயித்துக்கு நல்லதுதான், நீ சின்னதுலேர்ந்து மலச்சிக்கல் பிடிச்சவன்.

ரெண்டரை வருஷத்துல நான் பதினாலு கடிதாசி போட்டேன். நீ மூணு கார்டு போட்ட. மூணுலயும் ஒரே பாட்டு: ‘நலம். பார்க்க வர வேண்டாம்.’ வந்தேன். பார்க்க மாட்டேன்னு சொல்லியனுப்பிட்ட. ஆறு மணி நேர ரயிலு. ஸ்டேஷன்ல நூடுல்ஸ் நல்லா இருந்துச்சு, அதனால போனதுல தப்பில்ல. நான் அனுப்பின ஆரஞ்சையும் உள்ள விடாம திருப்பி அனுப்பிட்டாங்க. நானே தின்னேன்.

சரி, இது உன்னைப் பத்தின கடிதாசி இல்ல. கம்ப்யூட்டர் பொட்டியைப் பத்தினது.

அப்பன் நம்ம ஜப்பான் எழுத்தை மேலேர்ந்து கீழ, வலது பக்கத்துலேர்ந்து படிச்சுப் பழகின பழைய ஆளுன்னு நீதானே அந்தப் பட்டையை, பொத்தானுங்க வரிசையா இருக்குமே அதை, வலது ஓரத்துல நட்டுக்குத்தலா நிறுத்தி வெச்ச? போன வாரம் அது கீழ போய்ப் படுத்துக்கிச்சு. அப்டேட்டாம். நான் கேட்டேனா? எதைத் தொட்டாலும் வேற இடத்துல இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் பூந்து, எதையும் திருடாம, எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிட்டுப் போன மாதிரி.

கூட்டுறவுச் சங்கத்துப் பொண்ணுகிட்டக் கேட்டேன். ‘பழகிடும் தாத்தா’ங்குது. எழுபத்தொன்பது வயசுக்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?

இந்த வருஷம் தெருத் தலைவர் முறை நமக்கு. வீடு வீடாப் போற அறிவிப்புப் பலகை நம்ம வீட்டுலேர்ந்துதான் கிளம்பணும். முதல் வீடு ஹமதா வீடு. உன் வண்டியில சிக்கி ஹமதா செத்துப் போன நாள்லேர்ந்து அவர் சம்சாரம் நம்ம வாசல் பக்கம் தலை திருப்பினதில்ல. இத்தனை நாளும் மத்தவங்க இரக்கப்பட்டு நம்ம வீட்டைத் தாண்டியே பலகையைக் கொண்டு போயிட்டாங்க. இப்போ தப்ப முடியாது. பொட்டி சரியா இருந்தா அச்சடிச்சுக் குடுத்துடலாம். என் கையெழுத்தைப் பார்த்தா கோபம் இன்னும் ஏறும்.

தோஃபு கடை ஓனிஷிதான் இப்போ பரோல்ல வர்றவங்க தங்கப்போற வீட்டைப் பார்த்து எழுதிக் குடுக்குற ஆளு. பரோல் காகிதத்துல, வெளிய வந்தா யார் வீட்டுக்குப் போவேன்னு ஒரு கட்டம் இருக்காம், நீ அதைக் காலியா விட்டிருக்கியாம். அதைப் பத்தி நான் கேக்கல பாரு. பட்டையைப் பத்தித்தான் கேக்குறேன்.

உடம்பைப் பார்த்துக்க.
அப்பா


ஜூன் 3

அப்பாவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. முட்டியை ஈரத்தில் விடாதீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பட்டையில் காலியான இடம் பார்த்து, மௌஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் கடைசி வரி செட்டிங்ஸ். உள்ளே போனால் ‘பட்டை இருக்க வேண்டிய இடம்’ என்று கேட்கும். ‘வலது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அப்டேட் வராமல் இருக்க ஒரு வழி உண்டு. இணைய செட்டிங்ஸில் ‘இந்த இணைப்பு அளவாகத்தான் கிடைக்கும், பயன்படுத்தப் பயன்படுத்தக் காசு’ என்று குறித்துவிடுங்கள். அப்போது அது பெரிய அப்டேட்களை இறக்காமல் தள்ளிப்போடும். இரண்டையும் படம் வரைந்து அடுத்த பக்கங்களில் விளக்கியிருக்கிறேன். சிவப்புப் பென்சில் இங்கே கிடையாது. அழுத்த வேண்டிய இடங்களில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

ஒரு கடிதம் ஏழு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இது ஐந்து பக்கம்.

மழையில் மலைத் தோட்டத்துக்கு ஏறாதீர்கள்.
சுகுரு


ஜூன் 15

சுகுருவுக்கு,

நத்தைங்க தபால் பொட்டியில ஏறி உன் கடிதாசியை ஓரம் கடிச்சிட்டுதுங்க. படிக்கிறதுக்கு இடைஞ்சல் இல்ல. நான் நலம். நீயும் இரு.

அஞ்சு பக்கம்! மூணு தரம் படிச்சேன். ‘மௌஸின் வலது பொத்தானை அழுத்துங்கள்.’ கண்ணுல தண்ணி வர்ற வாசகமாடா அது? வந்துச்சு. கண்புரையா இருக்கும்.

நீ சொன்ன இடத்துக்குப் போனேன். எந்த ஓரம்னு கேக்குற வரியே இல்ல. பொத்தானுங்க நடுவுலயா இடதுலயான்னு மட்டும் கேக்குது. கீழ படுத்தது படுத்ததுதான், தலைமாட்டை மட்டும் மாத்திக்கோங்குது.

ரெண்டாவது வித்தை எனக்குப் பிடிச்சிருக்கு. நாங்க ஏழைங்கன்னு பொட்டிகிட்டப் பொய் சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிட்டேன். நம்பிடுச்சு. வரி ஆபீஸ்காரன்கூட இவ்வளவு சீக்கிரம் நம்பினதில்ல. ஆனா ஒம்பதாம் நாளு, ‘இது முக்கியமான அப்டேட், எப்படியும் போடணும்’னு ஒரு சீட்டு நீட்டுது. இப்போ செய்யவா, அப்புறம் ஞாபகப்படுத்தவான்னு கேட்டு ரெண்டே பொத்தான். வேண்டாம்னு ஒரு பொத்தான் வெக்க அவங்க ஆத்தா சொல்லிக்குடுக்கலையா?

பலகைக்குக் கையாலதான் எழுதினேன். கால்வாய் சுத்தம் செய்யிற நாள் அறிவிப்பு. ஹமதா வீட்டு வாசல்ல சாத்தி வெச்சிட்டு, மணி அடிக்காம ஓடி வந்துட்டேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஓடினேன்னா பார்த்துக்க.

வேற வழி இருந்தா எழுது. ஏழு பக்கம் ஆனாலும் பரவாயில்ல.
அப்பா


ஜூலை 8

அப்பாவுக்கு,

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான் நலம்.

செட்டிங்ஸில் இல்லையென்றால் அடியில் ஒரு இடம் இருக்கிறது. பொதுவாக யாரும் தொட மாட்டார்கள். கவனமாகச் செய்யுங்கள். முதலில் ஒரே நேரத்தில் ■■■■■ அழுத்தி, வரும் கட்டத்தில் ■■■■■■■ என்று தட்டச்சு செய்யுங்கள். பிறகு ■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■ என்ற வரிசையில் இறங்குங்கள். இரண்டாவது வரியில் ஐந்தாவதாக இருக்கும் ■■ என்பதை ■■ ஆக்க வேண்டும். வேறு எந்த எண்ணையும் தொடக் கூடாது.

தொட்டுவிட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.
சுகுரு


ஜூலை 20

சுகுருவுக்கு,

சிள்வண்டுச் சத்தத்துல என் காதும் சரியாயிடுச்சோன்னு சந்தேகம் வருது. உன் உடம்பு எப்படி?

உன் கடிதாசி கருகின மீன் மாதிரி வந்து சேர்ந்துச்சு. அங்க கடிதாசியைப் படிச்சுப் பார்க்கிறவர் நாலு வரியில மை பூசி விட்டிருக்கார். நீயும் நானும் சேர்ந்து சிறையைத் தகர்க்கத் திட்டம் போடுறோம்னு நினைச்சிட்டார் போல. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், பின்பக்கம் தடவிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. ‘வேறு எந்த எண்ணையும் தொடக் கூடாது’ங்கிறதை மட்டும் விட்டு வெச்சிருக்கார். அதை ஒழுங்காச் செஞ்சிட்டேன், எந்த எண்ணையும் தொடல.

இன்னொண்ணு. பலகை பதினோரு வீடும் சுத்தித் திரும்பி வந்துச்சு. படிச்சாச்சுன்னு எல்லா வீட்டு முத்திரையும் இருக்கு. ஹமதா வீட்டுக் கட்டத்துல முத்திரைக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு வரி: ‘எழுத்து பொடி. தெரியவில்லை.’

மூணே சொல்லு. மூணு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டுலேர்ந்து வந்தது அது. கால்வாய் அறிவிப்பைக் கிழிச்சுப் போட மனசு வரல, வெச்சிருக்கேன்.

ஓனிஷி வந்து தோஃபு குடுத்துட்டுப் போனார். கட்டம் இன்னும் காலியாம். கேக்கல.
அப்பா


ஆகஸ்ட் 19

அப்பாவுக்கு,

முன்னோர் வழிபாட்டு நாட்களில் அம்மாவின் கல்லறையை நீங்கள் ஒருவராகவே கழுவியிருப்பீர்கள். வெயிலில் நின்றிருப்பீர்கள். மன்னியுங்கள்.

கடிதங்களைப் பார்க்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“இது என்ன சங்கேதம்?”

“சங்கேதம் இல்லை ஐயா. கம்ப்யூட்டரில் பட்டையை வலது பக்கம் கொண்டுவரும் வழி.”

“யாருக்கு?”

“அப்பாவுக்கு.”

அவர் தாளை மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் மேசையிலயும் அது கீழ போயிடுச்சுப்பா. மேல வெக்க என்ன நம்பர்?” என்று கேட்டார்.

எண்ணைச் சொன்னேன். அதனால் இந்தத் தடவை மை பூச மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முழுவதையும் மூன்று பக்கத்தில் மறுபடி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது இது: இரண்டாவது வரி, ஐந்தாவது எண், 03 என்பதை 02. பிறகு அணைத்துத் திறக்க வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று அந்த அம்மா எழுதியதாகச் சொன்னீர்கள். அவருக்குக் கண் சரியில்லையா?

சுகுரு


செப்டம்பர் 2

சுகுருவுக்கு,

புயல் ஒண்ணு பக்கத்துல வந்து எட்டிப் பார்த்துட்டு வேற ஊருக்குப் போயிடுச்சு. காய் உதிரல. நான் நலம், நீ நலமா?

செஞ்சிட்டேன்டா! கண்ணாடி ரெண்டு போட்டுக்கிட்டு, குச்சியால எண்ணி, 03-ஐ 02 ஆக்கினேன். அணைச்சுத் திறந்தேன். பட்டை எழுந்து போய் வலது ஓரத்துல நின்னுச்சு! ‘வாடா ராசா’ன்னு கையைத் தட்டினேன். ஆனா நின்ன விதம் சரியில்ல. படமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு, கடிகாரத்தைக் காணோம், அழுத்தினா எதுவும் திறக்கல. கட்டாயப்படுத்திக் கல்யாணப் பந்தியில உட்கார வெச்ச ஆளு மாதிரி முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னுச்சு. இருந்தாலும் நின்னுச்சே. நாலு நாளு அதைச் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அஞ்சாம் நாளு கேக்காம கொள்ளாம அப்டேட் போட்டுக்கிச்சு. மறுபடி கீழ. நீ சொன்ன எண்ணை மறுபடி மாத்தினேன், மூணு தரம். இப்போ அந்த எண்ணை அது மதிக்கிறதே இல்ல.

அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு மங்கல்னு மீன் கடையில சொன்னாங்க. நான் இப்போ பெரிசா எழுதுறேன்.

நவம்பர்ல கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்களாம். காலியான கட்டத்தோட காகிதம் போனா பரோல் கிடையாது, முழுக் காலமும் கழிக்கணும்னு ஓனிஷி சொன்னார். நான் தோஃபுவை மட்டும் வாங்கிக்கிட்டேன்.
அப்பா


செப்டம்பர் 30

அப்பாவுக்கு,

காலையில் குளிர் தெரிகிறது. உள்ளே ஒரு பனியன் சேர்த்துப் போடுங்கள்.

இனி என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த திரை மூன்று வருடம் பழையது. நீங்கள் சொல்லும் திரையை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நான்கு நாட்களாவது நின்றது என்று எழுதினீர்கள். அதுவே அதிகம்.

அந்தக் கட்டத்தில் ஒசாகாவில் இருக்கும் ஒரு விடுதியின் பெயரை எழுத நினைக்கிறேன். இன்னும் எழுதவில்லை. நம் வீட்டில் காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஹமதா வீட்டு வாசல். அவர் சைக்கிள் நிறுத்தும் இடம். அந்த அம்மா தினமும் கதவைத் திறக்கும்போது எதிரே நான் நிற்க வேண்டுமா?

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.
சுகுரு


அக்டோபர் 21

சுகுருவுக்கு,

முதல் பறிப்பு ஆரம்பிச்சாச்சு, இந்த வருஷம் தோல் மெல்லிசு. என் உடம்புக்கு என்ன, இரும்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி, ஏன்னா நான் செத்துட்டேன்னு ஊர்ல ஒரு வதந்தி கிளம்பியிருக்கு.

நீ கையை விரிச்சப்புறம் நானே யோசிச்சேன். பட்டை கீழதான் இருப்பேன்னு பிடிவாதம் பிடிக்குது. சரி, கீழயே இரு. ஸ்கிரீனையே சாய்ச்சிட்டா? பழப் பொட்டி ரெண்டை அண்டை குடுத்து, ஸ்கிரீனைத் தூக்கி ஒருக்களிச்சு வெச்சேன். பட்டை வலது பக்கம்! ஜம்முனு! ஒரு எண்ணையும் தொடல!

எழுத்தெல்லாம் ஏணி ஏறுற மாதிரி மேல போச்சு. படிக்கணும்னா தலையைச் சாய்க்கணும். கழுத்து வலிச்சுது. அதனால ஸ்கிரீனைத் தரையில இறக்கி வெச்சிட்டு, பாய்மேல நானும் ஒருக்களிச்சுப் படுத்தேன். படுத்துப் பார்த்தா, கழுதை, பட்டை மறுபடி காலடிக்குப் போயிடுச்சு. அப்பத்தான் புத்திக்கு எட்டுச்சு. சிரிப்பு வந்துச்சு, எழுந்திரிக்க முட்டி விடல. அப்படியே கண்ணை மூடிக் கிடந்தேன்.

மத்தியான வெயிலு, கண்ணாடிக் கதவு திறந்திருக்கு. அறிவிப்புல ஒரு தாள் குறையுதுன்னு பலகையை என்கிட்டயே திருப்பி வெக்க ஹமதா வீட்டம்மா வந்திருக்கு. நான் கிடக்குற கோலத்தைப் பார்த்துடுச்சு.

“கிஹேய்-சான்! ஐயோ, கிஹேய்-சான்!”

பலகையை விசிறிப் போட்டுட்டு ஓடி வந்துச்சு. செருப்போட! பாய் மேல செருப்போடடா! என் தோளைப் பிடிச்சு உலுக்குது. கண்ணைத் திறந்தேன்.

“இன்னும் இல்லம்மா”ன்னேன்.

“என்ன இன்னும் இல்ல?”

“நீங்க நினைச்சது.”

என் தோளை விட்டுச்சு. அப்புறம் தன் காலைப் பார்த்துச்சு. நான் செத்துக் கிடந்ததைவிட அந்தச் செருப்பைப் பார்த்ததும்தான் அந்தம்மா முகம் வெளுத்துச்சு. கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, “தரையில படுத்துக்கிட்டு என்ன கூத்து இது, இந்த வயசுல?”ன்னு ஒரு அதட்டு.

“பட்டையை வலது பக்கம் கொண்டு வரப் பார்த்தேன்.”

“எந்தப் பட்டை?”

“பையன் வெச்சிட்டுப் போன பட்டை.”

வாய் தவறி வந்துடுச்சு. அந்தம்மா முன்னால ‘பையன்’ங்கிற சொல்லை நான் சொன்னதே இல்ல. ஸ்கிரீன் வேற அந்த நேரம் பார்த்து ‘டிங்’னு சத்தம் போடுது. இப்போவா, அப்புறமான்னு கேக்குது.

அந்தம்மா ஸ்கிரீன் பக்கம் திரும்பி, “அதை நிமித்தி வைங்க. கழுத்து போயிடும்”னு சொல்லிச்சு. ஒரு பக்கம் அது பிடிச்சுது, ஒரு பக்கம் நான். தூக்கி மேசையில வெச்சோம். அப்புறம் சமையக்கட்டுல துணியைத் தேடி எடுத்து, பாயில தன் செருப்புத் தடத்தைத் தானே துடைச்சுது. வேண்டாம்மான்னேன், கேக்கல.

போறப்போ, “தெருத் தலைவர் இப்படிக் கிடந்தா தெருவுக்குத்தான் கேவலம்”னுச்சு.

இவ்வளவுதான் நடந்துச்சு. உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல. மன்னிச்சேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. நான் இதுல ஒண்ணும் கூட்டி எழுதல, எனக்குக் கூட்டல் வராதுன்னு உனக்கே தெரியும். செருப்போட ஓடி வந்துச்சு. அதை எங்க வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல, அதான் உனக்கு எழுதுறேன்.

பனியன் போட்டுக்கிட்டேன்.
அப்பா


நவம்பர் 10

சுகுருவுக்கு,

பதில் இல்ல. குளிரு வந்துடுச்சே, உடம்புக்கு ஏதாவதா? நான் நலம்.

இது பதில் கார்டு ஒட்டின தபால் கார்டு. கல்யாணத்துக்கு வர்றீங்களா இல்லையான்னு கேட்டு அனுப்புவாங்களே, அது. பதில் பக்கத்துல நானே எழுதி வெச்சிருக்கேன். வேண்டியதைச் சுத்தி வட்டம் போடு, வேண்டாததை அடிச்சு விடு. மை செலவு கம்மி.

வீட்டுக்கு வர்றது: இப்போ / அப்புறம்
அப்பா


டிசம்பர் 1

(பதில் கார்டு. ‘இப்போ’ என்பது அளவுகோல் வைத்து இரண்டு கோடுகளால் அடிக்கப்பட்டிருக்கிறது. ‘அப்புறம்’ என்பதைச் சுற்றிச் சின்ன வட்டம்.)

அப்பா, அந்தக் கட்டத்தில் ஒசாகா விடுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. பட்டை கீழேயே இருக்கட்டும். பழகிக்கொள்ளுங்கள். குளிரில் கவனம்.
சுகுரு


டிசம்பர் 12

சுகுருவுக்கு,

மலை உச்சியில ரெண்டு நாளா வெள்ளை. தோட்டத்துல கடைசிப் பறிப்பு முடிஞ்சுது. நான் நலம். ஒசாகாவுல குளிர் காத்து ஜாஸ்தி, கம்பளிச் சட்டை ஒண்ணு ஓனிஷிகிட்டக் குடுத்து விடுறேன், அதையாவது உள்ள விடுறாங்களான்னு பார்ப்போம்.

கார்டு கிடைச்சுது. என்னால என்ன செய்ய முடியும்? ஒண்ணும் முடியாது. பட்டை கீழதான் இருக்கு. பழகல. இன்னிக்கும் கை வலது பக்கம்தான் போகுது, அங்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சே போகுது.

பலகை வேலை நடக்குது. இப்போ எழுத்து எவ்வளவு பெரிசுன்னா, ஒரு அறிவிப்புக்கு மூணு தாள் ஆகுது. ஹமதா வீட்டு வாசல்ல மணி அடிச்சுத்தான் குடுக்குறேன். ‘உம்’னு வாங்கிக்குது. அவ்வளவுதான். அதுக்கு மேல அதுவும் சொல்லல, நானும் சொல்லல.

ஆனா இந்தப் பொட்டிகிட்டேர்ந்து ஒண்ணு கத்துக்கிட்டேன். அப்புறம்னு நான் எத்தனை தரம் அழுத்தியிருப்பேன்? அதுக்குக் கோபமே வராது. சரின்னுட்டுப் போகும், மூணு நாள் கழிச்சு அதே மூஞ்சியோட வந்து நிக்கும். கடைசியில யாரு ஜெயிச்சாங்கன்னு உனக்கே தெரியும்.

இன்னொரு பதில் கார்டு உள்ள வெச்சிருக்கேன். இன்னும் நாப்பது கார்டு ஒண்ணா வாங்கி வெச்சாச்சு. அதே ரெண்டு சொல்லுதான், இப்போ, அப்புறம். பக்கத்துல மூணாவதா ஒரு சொல்லுக்கு இடம் மிச்சம் இருந்துச்சு. அங்க ஒரு ஆரஞ்சு வரைஞ்சிருக்கேன். படத்தைத் திருப்பி அனுப்ப மாட்டாங்கல்ல? பார்த்தா முட்டை மாதிரி இருக்கும்.

ஆரஞ்சுதான்.
அப்பா